நெட்டுக்குப்பம் என்று எழுதியவள்

1

ரங்கூனிலிருந்து எனக்குக் கடிதம் எழுதும் நீங்கள் எல்லோரும் "தாய்நாட்டில் சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். பதின்மூன்று வருஷமாக அந்த வரியைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தாய்நாட்டில் இல்லை, வெளிநாட்டில் இருக்கிறேன். கம்பைப் பேட்டையில் பிறந்து, கம்பையில் படித்து, இருபத்தோரு வயது வரை ரங்கூன் மழையில் நனைந்தவளுக்கு ராயபுரம் எப்படித் தாய்நாடு ஆகும்? யுத்தம் துரத்தியது, வந்தேன். பிழைத்துக் கிடக்கிறேன். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸில் என் மேஜைமேல் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. நான் ஒரு நிவாரண ஆபீஸில் தற்காலிக எழுத்தர். தற்காலிகமாகவே பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. வியாசர்பாடியில் குடிசைகள் எரிந்தாலும், எண்ணூரில் கடல் ஏறி வீடுகளை வாரிக்கொண்டு போனாலும், நோட்டும் பென்சிலுமாக முதலில் போய் நிற்பவள் நான்தான். யார் வீடு போயிற்று, எத்தனை வாய், என்ன வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் அரிசியும் துணியும் கூரைபோட ஓலையும் வரும். வடக்கே போகப் போக எனக்கு "எய்துற அம்மா" என்றுதான் பெயர்.

உறையில் இருந்தது இதுதான். யுத்த காலத்து பர்மா அகதி முகாமின் பதிவேட்டில் மா தின் என்ற பெண்ணின் பெயருக்கு எதிரே, சொந்த ஊர் என்ற கட்டத்தில், முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'நெட்டுக்குப்பம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பது தங்கள் கையெழுத்தா? திங்கட்கிழமை காலை நேரில் வந்து விளக்கம் தரவும்.

என் கையெழுத்துத்தான். அதில் சந்தேகம் என்ன இருக்கிறது?

தலைமை எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு விவரம் சொன்னார். மா தின்னின் மகள் செல்லி நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள். தாயின் பெயர் என்ற இடத்தில் மா தின் என்றும், தாயின் ஊர் என்ற இடத்தில் நெட்டுக்குப்பம் என்றும் உள்ளபடி எழுதியிருக்கிறாள். பர்மாக்காரப் பெயருக்கு மீனவர் குப்பம் எப்படிச் சொந்த ஊர் ஆயிற்று என்று யாரோ ஒருவருக்கு உறுத்தியிருக்கிறது. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துவிட்டார்கள். பதிவு பொய் என்று முடிவானால் மா தின் அந்நிய நாட்டவள். அடுத்த கப்பலில் பர்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். செல்லியின் தகப்பன் தமிழன், அதனால் அவள் இங்கேயே இருக்க வேண்டும். தாய் அந்தக் கரை, பெண் இந்தக் கரை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன். தப்பா எழுதிட்டேன்னு கேக்குற இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார் தலைமை எழுத்தர். நல்ல மனிதர்.

2

நாங்கள் கப்பலில் வந்து இறங்கிய நாட்களை உங்களுக்கு எழுதியதே இல்லை. எழுதுகிற மாதிரி அதில் என்ன இருந்தது? குண்டு விழும் என்று ரங்கூனை விட்டு ஓடி வந்தோம். வந்து இறங்கிய கொஞ்ச நாளில், இங்கேயும் குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு பூட்டு. மாட்டு வண்டியில் அண்டா, தவலை, கோழிக்கூண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் மேற்கே போனார்கள். நானும் அப்பாவும் துறைமுகத்துப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தோம். "ஓடி வந்த ஊரும் ஓடுதே, பாக்கியம்" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த மாதமே காய்ச்சலில் போனார். மூலக்கொத்தளம் மயானத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

முகாம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு காலிக் கிடங்கு. தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார முடியாது, வெளியே மணல் சுடும். கப்பலில் வந்தவர்கள் முதலில். பிறகு மலையும் காடும் நடந்து சிட்டகாங் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தவர்கள். நடந்து வந்தவர்கள் யாரும் பேசமாட்டார்கள். கஞ்சி வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் மூன்றாம் நாளே பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அகதியும் நானே, அகதிக் கணக்குப்பிள்ளையும் நானே. பெயர், வயது, உடன் வந்தவர், சொந்த ஊர். இந்த நாலாவது கட்டம்தான் எமன். பதினாலு நாளைக்குள் சொந்த ஊரைச் சொன்னால் ரயில் சீட்டு. சொல்லாவிட்டால் மேலிடத்து உத்தரவுப்படி. எங்கள் தாத்தா செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று அப்பாவுக்கு அரைகுறை ஞாபகம். அந்தப் பெயரைச் சொன்னார், நான் எழுதினேன். இன்றுவரை அந்த ஊரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்றும் தெரியாது.

மா தின் நடந்து வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இடுப்பில் நாலு வயசுக் குழந்தை செல்லி. புருஷன் பெகுவில் கொத்து வேலை பார்த்த தமிழர், சேலம் பக்கத்து ஆள். வழியில் வாந்திபேதியில் போய்விட்டார். அவளுக்குத் தமிழ் அப்போது பத்து வார்த்தை தெரியும். நான் பர்மியத்தில் கேட்டேன், சொன்னாள். அவள் ஊர் ஐராவதி முகத்துவாரத்தில் மீன்பிடிக் கிராமம். இந்தியாவில் ஊர்? இல்லை.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். ரங்கூனில் நமக்குப் பழக்கம் என்ன? கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொன்னால் பக்கத்து வீட்டு பர்மாக்காரி அரிசி கொண்டுவந்து தருவாள். அதே நினைப்பில், ஊரே இல்லாதவள் என்று தெரிந்தால் இவளுக்குக் கூடுதலாக ஏதாவது செய்வார்கள் என்று நம்பி, நாலாவது கட்டத்தில் அழகாக 'ஊர் இல்லை' என்று எழுதினேன். அடியில் கோடு வேறு போட்டேன்.

அவள் வந்த பதின்மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. குழந்தையைச் சேலத்தில் தகப்பனுடைய அண்ணனிடம் அனுப்புவது. தாயை உள்நாட்டில் அந்நியர் முகாமுக்கு அனுப்புவது. புதன்கிழமை வண்டி. நான் அதை மா தின்னிடம் பர்மியத்தில் படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி இரண்டாக ஒடித்தாள். சரியாகத்தான் செய்தாள்.

3

இடையில் என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் கடிதத்தில் கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டாலி கிளார்க். மூட்டை எண்ணுகிற வேலை. ஒரே பையன், ரவி, பதினோரு வயது. ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். விடிந்தால் சங்கு, கரித்தூள், குழாயடிச் சண்டை.

ரவிக்கு பர்மியம் வேண்டாமாம். தித், நித், தோன் என்று மூன்று வரை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது கேட்டால் ஓடிவிடுகிறான். நான் பேசுகிற தமிழும் அவனுக்குச் சிரிப்பு.

"யம்மா, இன்னாமா நீ, புக்கு படிக்கிற மாரியே பேசிக்கினு கீற. எங்க தோஸ்துங்க நீ வெளியூரான்னு கேக்குறானுங்க."

"ஆமாம், வெளியூர்தான்னு சொல்லு."

"அப்போ நானு?"

"நீ ராயபுரம்."

"அத்த சொல்லு மொதல்ல" என்று போய்விட்டான். அவனிடம் எனக்குக் கோபமில்லை. அவனுக்காவது ஒரு ஊர் இருக்கட்டும். ஆனால் அந்த ஊரை வைத்துக்கொண்டு என்னையும் உள்ளே இழுத்துப் போட முடியாது. மீன் குழம்புக்கு நான் நம் ஙாப்பி மீன் விழுது இல்லையே என்று ஏங்குவேன், அவன் மூக்கைப் பிடிப்பான். இரண்டு பேரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

உறையை வீட்டுக்காரரிடம் காட்டி, தலைமை எழுத்தர் சொன்னதையும் சொன்னேன். படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டா வேலை நிலைக்கும். போடலேன்னா போகும். அதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு உன்னத் தெரியும். கேட்டு என்ன ஆவப்போவுது" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

4

பென்சில் ஒடிந்த அன்று சாயங்காலம் மா தின்னைத் தேடினேன். முகாமில் இல்லை. வெளியே போகக் கூடாது என்பது விதி. கஞ்சிக் கூடத்துக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை, நெட்டுக்குப்பத்துக்காரி, கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்த பர்மாக்காவா? அது தெனம் எங்க கரைல தான் கீது. வலை வலிச்சிகினு கீது. உனக்குத் தெரியாதா?"

அவளோடு மணலில் நடந்து போனேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்துவிடும். இரண்டு பக்கமும் நீளக் கயிறு கரையில் இருக்கும். ஆணும் பெண்ணும் வரிசையாகப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். அந்த வரிசையில், லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, மா தின். செல்லி ஈர மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். வந்த ஐந்தாம் நாளே கயிற்றில் கை வைத்துவிட்டாளாம். யாரும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தன் ஊரில் செய்த வேலைதானே, கை தானாகப் போயிருக்கிறது.

வலை ஏறியதும் மீனைக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். வலைக்காரருக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, பிறகு கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு. மா தின்னுக்கும் ஒரு குவியல், காரப்பொடி மீன். அவள் லுங்கி மடிப்பில் வாங்கிக்கொண்டாள்.

அஞ்சலை விஷயத்தைக் குப்பத்துத் தலைவரிடம் சொன்னாள். அவர் வலையில் ஒட்டிய பாசியை எடுத்துக்கொண்டே கேட்டார். புதன்கிழமை, சேலம், முகாம் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் என்னை நிறுத்தினார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து இரண்டே கேள்வி.

"கயிறு புச்சாளா?"

"புச்சா."

"பங்கு வாங்குனாளா?"

"எட்டு நாளா வாங்குறா."

"அப்பொறம் இன்னாமே பேஜாரு? எங்க ஊருக்காரி. எய்திக்கோ."

நான் விழித்துக்கொண்டு நின்றேன். இங்கே கயிற்றில் கை வைத்துப் பங்கு வாங்கியவள் ஊருக்கு வெளியாள் இல்லை, அவ்வளவுதான் சட்டம். குப்பத்து வரியிலும் அவள் பேரைச் சேர்க்கச் சொன்னார். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கிற வரி. "வரி குடுக்கணும், சொல்லிடு அதுக்கு" என்றார். மா தின்னுக்கு நான் மொழிபெயர்த்தேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பி, 'ஊர் இல்லை' என்று நான் கோடு போட்டு எழுதியதை அடித்தேன். மேலே நெட்டுக்குப்பம் என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தலைவரே முகாம் வாசலில் வந்து நின்று, "எங்க ஊரு பொம்பளய எங்க ஊருக்கு இட்டுகினு போறேன்" என்றார். ஊர் கிடைத்துவிட்டால் அனுப்பிவிட வேண்டும், அதுவும் விதி. ரயில் சீட்டுச் செலவுகூட இல்லை. தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டார்கள்.

5

திங்கட்கிழமை. விசாரணை அதிகாரி இளைஞர், தென்பக்கத்துக்காரர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார். மா தின்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் காலைச் சந்தையை முடித்துக்கொண்டு நேராகக் கூடையோடு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் குந்தினாள். இப்போது சேலைதான் கட்டுகிறாள், முகத்தில் மஞ்சள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கதானே மா தின்? ஏம்மா, பர்மாவில் உங்க கிராமம் எது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மா தின் திறந்துவிட்டாள்.

"இன்னா சார் நீ, ஆளப் பாத்து கேக்க மாட்டியா? நாந்தான் மா தின். நெட்டுக்குப்பம். மீனு விக்கிறேன். இவங்க எய்துற அம்மா. உனுக்கு இன்னா வோணும், என்ன கேளு."

அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதின்மூன்று வருஷத்தில் என் பேச்சு மாறவேயில்லை. அவள் வெளுத்து வாங்குகிறாள்.

"பர்மாவில் சொந்தக்காரங்க இருப்பாங்களே. கப்பல் செலவு அரசாங்கமே தரும். போக விருப்பமா?"

"எம் பொண்ணு?"

"அவங்க இந்தியப் பிரஜை. இங்கதான் இருக்கணும்."

"அப்போ நானும் இங்கதான் கீறேன். வேற இன்னா? கூடைல மீனு கெட்டுப்பூடும் சார்."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். பதிவேட்டைத் திறந்து வைத்தார். என் எழுத்து, இருபத்தோரு வயசு எழுத்து, கோணல் மாணல் இல்லாமல் இருந்தது. அடித்த கோடு மட்டும் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியிருந்தது.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"முதல்ல எழுதுனது தப்பு சார்."

"முதல்ல எழுதுனதுதான் சரின்னு ஆவணம் சொல்லுது. அந்தம்மா இங்க பொறக்கல."

"இந்த நோட்டுல நானூறு பேருக்கு மேல இருக்காங்க சார். எல்லாரையும் நான்தான் கேட்டு எழுதினேன். பாதிப் பேர் அவங்க சொன்ன ஊரைக் கண்ணால பார்த்ததில்ல. இதோ, இது என் பேரு. பக்கத்துல ஒரு ஊர் எழுதியிருக்கேன் பாருங்க. அங்க போய்க் கேளுங்க, என்னை ஒரு நாய்க்குக்கூடத் தெரியாது. அதை யாரும் இதுவரை விசாரிக்கல. நெட்டுக்குப்பத்துல போய் மா தின் யாருன்னு கேளுங்க. எந்த வீட்டு வாசல்லயும் கேட்கலாம். இந்த நோட்டுல நான் தெரிஞ்சு எழுதின ஊர் அது ஒண்ணுதான்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபித்தால் பதிலுக்குக் கத்தலாம். மேஜை இழுப்பறையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நகர்த்தினார். 'அப்போதைய நெருக்கடியில் பரிதாபத்தின் பேரில் தவறுதலாக எழுதிவிட்டேன்.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேல நடவடிக்கை இல்ல. உங்களுக்கு நிரந்தரம் சிபாரிசு பண்ணியிருக்காங்க, அந்த ஃபைலும் என்கிட்டதான் இருக்கு. போடலேன்னா பதிவேட்டைத் திருத்தினதா ஆகும். அதுக்கு மேல என் கையில இல்ல."

நிரந்தரம். பதின்மூன்று வருஷமாக நான் ஒவ்வொரு மாதமும் கேட்ட வார்த்தை. வீட்டில் ரவி இருக்கிறான், ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது, எல்லாம் நினைவுக்கு வந்தது. பயமாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பரிதாபம் என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. பரிதாபப்பட்டு நான் எழுதியது 'ஊர் இல்லை' என்பதுதான். அதற்குத்தான் தாயையும் பிள்ளையையும் பிரிக்க வண்டி வந்தது. இன்னொரு தரம் அதே கையால் அதைச் செய்யச் சொல்கிறார்கள்.

பேனாவை வாங்கினேன். டைப் அடித்த வரியை முழுக்க அடித்தேன். கீழே 'தவறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுக்கங்கம்மா, நாளைக்குக்கூட வரலாம்" என்றார்.

"பதின்மூணு வருஷம் யோசிச்சாச்சு சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே மா தின் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றாள். "இன்னா சொன்னான்?" என்றாள். "பார்ப்பாங்களாம்" என்றேன். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம்.

6

மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு உறை. எனக்கு வந்ததில், மாதக் கடைசியோடு என் சேவை தேவையில்லை என்று இருந்தது. தற்காலிக ஊழியர் என்பதால் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம்.

ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் எனக்குத் தேவையில்லை. போன வாரம் புளியந்தோப்பில் நாற்பது குடிசை எரிந்தது. யாரும் அனுப்பாமல் நானே நோட்டோடு போய் உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தாளைப் பழைய தலைமை எழுத்தரிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அரிசி வந்தது. இனியும் போவேன். தடுக்கிறவர் தடுத்துப் பார்க்கட்டும்.

மற்ற உறை மா தின்னுக்கு. அதைப் பிரிக்காமலே செல்லி என்னை வந்து நெட்டுக்குப்பத்துக்கு அழைத்துப் போனாள். பிரிக்கப் பயந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் மா தின் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். அஞ்சலையும் இருந்தாள். என் வேலை போனதை மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. செல்லி உறையைக் கிழித்து நின்றபடியே படித்தாள். பதிவு செய்தவர் தமது பதிவைத் திரும்பப் பெற மறுத்துவிட்டபடியாலும், அதற்கு மாறான சாட்சியம் இல்லாதபடியாலும், தாயின் சொந்த ஊர் பதிவேட்டில் உள்ளபடி நெட்டுக்குப்பம் என்றே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மேல் நடவடிக்கை இல்லை.

செல்லி இரண்டாம் தரம் படித்தாள். பாதியில் குரல் உடைந்து அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். மா தின் கருவாட்டுக் கையை விலக்கி வைத்துக்கொண்டு முழங்கையாலேயே பெண்ணை அணைத்தாள். அஞ்சலை எல்லோருக்கும் டீ வாங்கி வரப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மா தின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் படிக்காதவள், ஆனால் ஒரு வார்த்தையையும் தவறவிடுகிறவள் இல்லை.

"மறுத்துட்டாங்கன்னு எய்திக்கீதே. உன்ன இன்னாமோ கேட்டுக்கீறான். நீ மறுத்துக்கீற. அத்தொட்டு தான் உனுக்கு வேல பூட்சா?"

நான் குனிந்து ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.

"கையெய்த்து போட்டிருந்தா?"

"நீங்க கப்பல்ல. செல்லி இங்க."

அவள் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் என்மேல் அவள் கோபித்தது பென்சிலை ஒடித்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பேச்சு மாறிப் பர்மியத்தில் பாய்ந்தாள். வெகுநாளாக நாங்கள் இருவரும் அதில் பேசியதில்லை.

"உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறானே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால், போட்டுவிட்டு உன் வேலையைக் காப்பாற்றிக்கொள் என்று நானே சொல்லியிருப்பேனே."

"தெரியும் அக்கா" என்றேன். "அதனாலதான் கேக்கல."